வண்டி பெருத்தது, சுமை ஏற்றும் இடம் சுருங்கியது

நம் கிராமங்களில் ஒரு காலத்தில் மாட்டு வண்டிக்கு என்ன இடம் இருந்ததோ, அதே இடம் அமெரிக்கப் பண்ணைகளில் "பிக்-அப்" என்னும் சிறு சுமை வண்டிக்கு உண்டு. முன்னால் ஓட்டுபவரும் ஓரிருவரும் அமரும் அறை. பின்னால் திறந்த பாடி. தீவன மூட்டை, வேலிக் கம்பம், வைக்கோல் கட்டு, நோய் கண்ட கன்று என எதையும் பின்னால் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிடலாம். கடந்த ஐம்பது ஆண்டுகளில் இந்த வண்டி அடைந்துள்ள மாற்றம் விந்தையானது. வண்டியின் நீளம், அகலம், உயரம், எடை, விலை எல்லாமே ஏறிவிட்டன. சுமை ஏற்றும் இடம் மட்டும் குறைந்துவிட்டது. இது எப்படி நேர்ந்தது என்று தெரிந்துகொள்வது, கடன் வாங்கிச் சுமை வண்டி வாங்க எண்ணும் சிறு விவசாயிகளுக்கும் பயன்படக்கூடியது.

பண்ணைக்காகவே பிறந்த வண்டி

1920களில் அமெரிக்க விவசாயிகள் பலர் தங்கள் ஃபோர்டு மாடல்-டி காரின் பின்பகுதியை அறுத்தெடுத்துவிட்டு மரப்பெட்டி ஒன்றைப் பொருத்திக்கொண்டார்கள். விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்ல அதுவே அவர்களுக்குக் கிடைத்த வழி. இதைக் கண்ட ஃபோர்டு நிறுவனம் 1925ஆம் ஆண்டு ஏப்ரலில் தானே பாடி கட்டிய வண்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதன் பாடி 4 அடி 8 அங்குல நீளம், 3 அடி 4 அங்குல அகலம். எஞ்சின் 20 குதிரைத்திறன். விலை 281 டாலர். இன்றைய மதிப்பில் சுமார் 5,000 டாலர் எனலாம். முதல் ஆண்டிலேயே 30,000க்கும் மேற்பட்ட வண்டிகள் விற்றன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1948 மாடலாக எஃப்-1 என்ற வண்டி வந்தது. இதன் பாடி ஆறரை அடி நீளம். "அரை டன் வண்டி" என்று பெயர். அதாவது 1,000 பவுண்டு, ஏறக்குறைய 450 கிலோ சுமப்பதற்கு உரியது. ஒரே நீண்ட இருக்கை, இரும்புத் தரை, கையால் சுற்றி இறக்கும் கண்ணாடி. சேற்றுக் காலோடு ஏறலாம். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடலாம். மூடியைத் திறந்தால் எஞ்சினைச் சுற்றி ஆள் நின்று வேலை பார்க்க இடம் இருக்கும். பிளக்கைக் கழற்றித் துடைப்பதும், கார்ப்புரேட்டரைச் சுத்தம் செய்வதும் பண்ணைக் கொட்டகையிலேயே முடிந்துவிடும். வண்டியின் பக்கத்தில் நின்று கையை நீட்டினால் பாடியின் தரை எட்டும். இந்தக் கடைசிச் செய்தி சாதாரணமாகத் தோன்றலாம். நாள்தோறும் மூட்டை ஏற்றி இறக்குபவருக்கு அதன் அருமை தெரியும்.

கோழிக்கறியால் வந்த வரி

வண்டி பெருத்ததற்கு மக்களின் ஆடம்பர ஆசை ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அரசின் விதிகளும் வரிகளும் அதற்குப் பெரிதும் துணை செய்திருக்கின்றன. அவற்றுள் முதலாவது, கோழிப் பண்ணையில் தொடங்கியது என்றால் வியப்பாக இருக்கும்.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெரிய கோழிப் பண்ணைகளிலிருந்து மலிவான கோழி இறைச்சி ஐரோப்பியச் சந்தையில் வந்து குவிந்தது. மேற்கு ஜெர்மனி முதலிய நாடுகளின் கோழி வளர்ப்போர் முறையிட்டனர். ஐரோப்பியப் பொதுச் சந்தை நாடுகள் 1962இல் அமெரிக்கக் கோழி மீது வரியை உயர்த்தின. இதற்குப் பதிலடியாக 1963 டிசம்பரில் அமெரிக்க அதிபர் ஜான்சன் உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, சிறு சுமை வண்டி ஆகிய நான்கு இறக்குமதிப் பொருள்கள் மீது 25 சதவீத வரி விதித்தார். ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் வண்டியைத் தடுப்பதே கடைசிப் பொருளைச் சேர்த்ததன் நோக்கம். மற்ற மூன்றின் மீதிருந்த வரி நாளடைவில் நீங்கிவிட்டது. சுமை வண்டி வரி நீங்கவில்லை.

1970களில் ஜப்பானிலிருந்து சிறிய, சிக்கனமான பிக்-அப் வண்டிகள் அமெரிக்கா வரத் தொடங்கின. வரியைத் தவிர்க்கப் பாடி இல்லாமல் சேசிஸ் மட்டும் கப்பலில் வந்து, அங்கே பாடி பொருத்தப்பட்டது. 1980இல் அந்த வழியும் அடைக்கப்பட்டது. சுபாரு நிறுவனம் இன்னொரு தந்திரம் செய்தது. பிராட் என்ற தன் வண்டியின் திறந்த பாடிக்குள் இரண்டு பிளாஸ்டிக் இருக்கைகளைப் பொருத்தி, "இது பயணிகள் கார்" என்று சொல்லிக் குறைந்த வரியில் இறக்குமதி செய்தது! தந்திரங்கள் எத்தனை இருந்தாலும், வெளிநாட்டுச் சிறு வண்டிக்குப் பாதை குறுகியதே. உள்ளூர் நிறுவனங்களுக்குச் சிறிய, மலிவான வண்டியில் போட்டி குறைந்தது. லாபம் மிகுந்த பெரிய வண்டியிலேயே அவை கவனம் செலுத்தின.

பெரிய மாட்டுக்குக் கூடுதல் தீவனம்

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின், 1975இல் அமெரிக்கா எரிபொருள் சிக்கனச் சட்டம் இயற்றியது. ஒவ்வொரு நிறுவனமும் தான் விற்கும் வண்டிகள் சராசரியாக ஒரு காலனுக்கு இத்தனை மைல் ஓட வேண்டும் என்பது விதி. விவசாயிகளும் தச்சர், கொத்தனார் போன்ற தொழிலாளரும் பயன்படுத்தும் சுமை வண்டிக்குக் கார் அளவு கடுமை கூடாது என்று அதற்கு மட்டும் சலுகை தரப்பட்டது. சலுகையின் நோக்கம் நல்லதே. ஆனால் நிறுவனங்கள் சுமை வண்டியின் அமைப்பிலேயே நான்கு கதவும் மெத்தை இருக்கையும் வைத்துக் குடும்பத்தார் செல்லும் வண்டிகளைச் செய்து விற்றன. எஸ்.யூ.வி. எனப்படும் வண்டிகள் பல்கிப் பெருகியதில் இந்தச் சலுகைக்குப் பெரும் பங்கு உண்டு. உழவனுக்கு விட்ட வாய்க்காலில் வேறு யாரோ தண்ணீர் பாய்ச்சிக்கொண்ட கதைதான்.

பின்னர் விதி திருத்தப்பட்டது. சுமை வண்டிகளுக்கு 2008 மாடல் முதல் விருப்பமாகவும், 2011 முதல் கட்டாயமாகவும், வண்டியின் நான்கு சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பளவைக் கொண்டு மைலேஜ் இலக்கு நிர்ணயிக்கப்பட்டது. பரப்பு கூடினால் இலக்கு தளரும். இதை இப்படி நினைத்துப் பார்க்கலாம்: மாட்டின் உருவத்துக்கு ஏற்பத் தீவன ஒதுக்கீடு என்று ஊரில் ஒரு கட்டுப்பாடு வந்தால், எல்லாரும் பெரிய மாடாகப் பார்த்துத்தானே வாங்குவார்கள்? சிறிய பிக்-அப் வண்டிக்கு இலக்கு கடினமாகியது; பெரியதற்கு எளிதாகியது. ஃபோர்டின் சிறிய பிக்-அப்பான ரேஞ்சர் அமெரிக்காவில் 2011உடன் நிறுத்தப்பட்டு, 2019இல் முன்னைவிடப் பருத்த உருவில் திரும்பியது. சிக்கன விதியை மீறும் நிறுவனங்களுக்கான அபராதத்தையே 2025இல் பூஜ்யமாக்கிவிட்டார்கள்.

வருமான வரியும் தன் பங்குக்கு உதவியது. தொழிலுக்காக வாங்கும் விலை உயர்ந்த கார்களுக்குத் தேய்மானக் கழிவு ஓர் அளவுக்கு மேல் கிடையாது. மொத்த எடை 6,000 பவுண்டுக்கு, அதாவது 2,720 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு, அவை உழைக்கும் வண்டிகள் என்பதால் இந்த வரம்பு இல்லை. 2003இல் முதல் ஆண்டிலேயே 100,000 டாலர் வரை கழித்துக்கொள்ளலாம் என்றதும், பட்டணத்து மருத்துவர்களும் வீட்டுத் தரகர்களும் கனமான எஸ்.யூ.வி.க்களைத் தொழில் வண்டி என்று வாங்கினார்கள். மறு ஆண்டே எஸ்.யூ.வி.க்கு 25,000 டாலர் என வரம்பு கட்ட வேண்டியதாயிற்று. 6 அடிக்குக் குறையாத பாடி உள்ள பிக்-அப்புக்கு அந்த வரம்பு பொருந்தாது.

எடை சொல்லும் கணக்கு

1970களின் எஃப்-150 வண்டியில், அறைக்கும் பாடிக்கும் உரிய மொத்த நீளத்தில் 64 சதவீதம் பாடிக்கு, 36 சதவீதம் அறைக்கு. 2021 வாக்கில் இது அப்படியே தலைகீழாகி, 37 சதவீதம் பாடிக்கு, 63 சதவீதம் அறைக்கு என்று ஆகிவிட்டது. நான்கு கதவுள்ள இன்றைய எஃப்-150இன் நீளம் 19 அடிக்கு மேல்; அதில் பலரும் வாங்கும் பாடியின் நீளம் ஐந்தரை அடிதான். எட்டடிப் பாடியும் ஒற்றை அறையும் உள்ள வேலை மாடல் இன்றும் உண்டு.

சுமைத் திறன் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை விவசாயிகள் அறிந்திருப்பது நல்லது. வண்டியின் அச்சு, ஸ்பிரிங், பிரேக், டயர் ஆகியவை தாங்கக்கூடிய மொத்த எடைக்கு ஓர் எல்லை உண்டு. அதிலிருந்து வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் மீதி நிற்பதே சுமைத் திறன். தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை, மின்சாரப் படி என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது சொந்த எடை கூடும். சுமைத் திறன் அதே அளவு குறையும். அங்கே பயணம் செய்பவர்களும் சுமைக் கணக்கில் சேர்ந்தவர்களே. 635 கிலோ சுமைத் திறன் உள்ள ஓர் ஆடம்பரப் பிக்-அப்பில் 80 கிலோ எடையுள்ள ஐந்து பேர் ஏறினால் 400 கிலோ போய்விட்டது. பாடியில் ஏற்ற எஞ்சியது 235 கிலோ. 50 கிலோ மூட்டையாக நான்கே முக்கால் மூட்டை!

அமெரிக்காவில் பிக்-அப் வைத்திருப்போரிடம் எடுக்கப்பட்டு 2019இல் வெளியான ஆய்வு ஒன்றில், நான்கில் மூன்று பேர் ஆண்டுக்கு ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோதான் டிரெய்லர் இழுத்தார்கள்; 35 சதவீதம் பேர் பாடியில் சுமை ஏற்றியதும் அவ்வளவே என்று தெரிய வந்தது. முழு அளவு பிக்-அப் ஒன்றின் சராசரி விலையோ இன்று 60,000 டாலருக்கு மேல்.

உயரம் தரும் ஆபத்து

பெருத்த வண்டியின் இன்னொரு விளைவு, காசு கணக்கில் அடங்காதது. எஞ்சின் மூடியின் உயரம் கூடிக்கொண்டே வந்துள்ளது. 2017 மாடல் எஃப்-250 வண்டியின் மூடி தரையிலிருந்து 55 அங்குலம், அதாவது நான்கரை அடிக்கும் மேல். ஐந்து வயதுக் குழந்தை மூன்றரை அடி உயரம்தான். வண்டிக்கு நேர் முன்னே குழந்தை நின்றால் ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரியாது. சாதாரணக் காரில் முன்பக்கம் மறையும் தூரத்தைவிடச் சில பிக்-அப்களில் 11 அடி வரை கூடுதலாக மறைகிறது என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள்.

நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் 2023 நவம்பரில் வெளியிட்ட ஆய்வில், மூடி உயரம் 40 அங்குலத்துக்கு மேற்பட்ட வண்டி மோதினால் நடந்து செல்பவர் இறக்கும் வாய்ப்பு, 30 அங்குலமோ அதற்குக் குறைவாகவோ உள்ள சரிந்த மூடி வண்டியைவிடச் சுமார் 45 சதவீதம் அதிகம் என்று கண்டறியப்பட்டது. தாழ்ந்த மூடியுள்ள கார் காலில் மோதி ஆளை மேலே சாய்க்கும். உயர்ந்த தட்டை முகம் உள்ள வண்டி நெஞ்சிலும் தலையிலும் மோதி ஆளைக் கீழே தள்ளும். அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 7,500க்கும் மேற்பட்ட பாதசாரிகள் வாகனம் மோதி இறந்தனர். அத்தனைக்கும் வண்டியின் உயரமே காரணம் என்று கூற முடியாது. சாலை அமைப்பு, வேகம், இரவு வெளிச்சம் எல்லாம் சேர்ந்ததே. ஆயினும் உயரத்துக்கும் அதில் பங்கு உண்டு என்பது உறுதி. களத்திலும் வீட்டு வாசலிலும் குழந்தைகள் ஓடி விளையாடும் இடத்தில் வண்டி எடுக்கும் எவரும் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

பாடியும் உயர்ந்துவிட்டது. பக்கத்தில் நின்று தரையைத் தொட முடியாததால், பின்கதவுக்குள் மடக்குப் படி வைத்து விற்கிறார்கள். உயரத்தைத் தாங்களே கூட்டிவிட்டு, ஏறுவதற்குப் படியையும் தாங்களே விற்பது நல்ல வியாபாரம்தான்.

புதியதிலும் நன்மை உண்டு

பழைய வண்டி எல்லாவற்றிலும் சிறந்தது என்று எண்ணிவிடக் கூடாது. 1970களின் பிக்-அப் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 5 அல்லது 6 கிலோ மீட்டர் ஓடினால் பெரிது. இன்றைய எஃப்-150இன் சிறிய எஞ்சின் அதைவிடப் பெரிய வண்டியை இழுத்துக்கொண்டு 8 முதல் 9 கிலோ மீட்டர் தருகிறது. காற்றுப்பை, சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக் இவை எதுவும் அன்று இல்லை. புகையோ சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்கப் பண்ணையின் சராசரிப் பரப்பு 2022 கணக்கெடுப்பின்படி 463 ஏக்கர். பத்து மாடுகளை ஏற்றிய டிரெய்லர் 7 டன்னைத் தாண்டும். அதை இழுப்பவருக்குக் கனமான வண்டி தேவையே. அந்த வேலை இல்லாதவர் அதே வண்டியை வாங்கும்போதுதான் கணக்கு பிசகுகிறது.

ஜப்பானியக் குட்டி வண்டி

ஜப்பானிய நெல் விவசாயியின் நிலம் சிறியது. வயலுக்குச் செல்லும் பாதை குறுகியது. அவருக்கு வாய்த்தது "கெய்" வகைச் சுமை வண்டி. நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், உயரம் 2 மீட்டர், எஞ்சின் 660 சி.சி., சுமை 350 கிலோ: இவற்றைத் தாண்டக் கூடாது என்பது அரசு விதி. இந்த எல்லைக்குள் அடங்கினால் வரி குறைவு. ஹோண்டா நிறுவனம் 1963இல் முதன்முதலில் விற்ற நான்கு சக்கர வண்டியே இத்தகைய ஒரு சுமை வண்டிதான்.

ஓட்டுபவர் முன்சக்கரத்தின் மேலேயே அமர்வதால், பதினோரு அடி வண்டியில் ஏறக்குறைய ஆறரை அடிப் பாடி கிடைக்கிறது. பத்தொன்பது அடி எஃப்-150இன் ஐந்தரை அடிப் பாடியோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மூன்று பக்கக் கதவுகளும் கீழே மடங்கும். தரை தாழ்வாக இருப்பதால் ஒருவரே நாற்றுத் தட்டுகளையும் மூட்டைகளையும் ஏற்றிவிடலாம். ஹோண்டாவின் ஆக்டி வண்டியில், சேற்றிலும் வரப்பு ஓரத்திலும் ஊர்ந்து செல்ல மிக மெதுவான தனி கியர் கொண்ட மாடலும் இருந்தது. ஆக்டி உற்பத்தி 2021இல் நிறுத்தப்பட்டது. சுசுகியும் டைஹட்சுவும் இவ்வகை வண்டிகளைத் தொடர்ந்து செய்கின்றன.

அமெரிக்க விவசாயிகளில் சிலர் இப்போது 25 ஆண்டு பழைய கெய் வண்டிகளை ஜப்பானிலிருந்து தருவிக்கிறார்கள். அத்தனை பழைய வண்டிக்கு அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு உண்டு. சில மாநிலங்கள் இவற்றைச் சாலையில் ஓட்டப் பதிவு தர மறுத்தன. டெக்ஸாஸ் மாநிலம் 2024இல் இசைந்தது. மறுப்புக்கு நியாயமும் உண்டு. பெரு வண்டிகள் விரையும் நெடுஞ்சாலையில் இது மோதினால் ஓட்டுபவரின் காலுக்கு முன்னால் தகடு தவிரப் பாதுகாப்பு இல்லை. உதிரி பாகத்துக்கும் அலைய வேண்டியிருக்கும். பண்ணைக்குள்ளும் பக்கத்து ஊர்ச் சந்தைக்கும் ஏற்றது; தொலைதூரப் பயணத்துக்கு அன்று.

நம் குட்டி யானை

இந்தியாவில் 2005 மே மாதம் வெளிவந்த டாடா ஏஸ், மூன்று சக்கர வண்டிக்கும் லாரிக்கும் இடையில் இருந்த இடைவெளியை நிரப்பியது. 702 சி.சி. இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின், வெறும் 16 குதிரைத்திறன், நீளம் 3.8 மீட்டர். மொத்த எடை 1,550 கிலோ. அதில் சுமை 750 கிலோ. தன் எடைக்கு ஏறக்குறையச் சமமான சுமையை இது ஏற்கிறது. கெய் வண்டியில் ஒரு கிலோ சுமைக்கு வண்டி எடை 2 கிலோ. நான்கு கதவு அமெரிக்கப் பிக்-அப்பில் ஏறக்குறைய 3 கிலோ. தமிழ்நாட்டில் மக்கள் இதற்குக் குட்டி யானை என்று பெயர் வைத்தது பொருத்தமே.

ஆனால் 750 கிலோ என்பது 50 கிலோ மூட்டையில் பதினைந்து. அதில் இருபத்தைந்து மூட்டை ஏற்றுவது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. அதிகச் சுமையில் முதலில் கெடுவது பிரேக்கும் டயரும். எஞ்சின் இழுக்கிறதே என்று ஏமாறக் கூடாது. இழுப்பது வேறு, நிறுத்துவது வேறு. களை எடுக்கவும் நடவுக்கும் செல்லும் பெண்களைத் திறந்த பாடியில் நிற்க வைத்து ஏற்றிச் செல்வதோ அதைவிடக் கொடியது. வளைவில் மூட்டைகள் சரிந்தால் நஷ்டத்தோடு போகும். ஆட்கள் ஒரு பக்கம் சாய்ந்தால் வண்டியே கவிழும். சட்டமும் இதை அனுமதிப்பதில்லை.

வண்டி வாங்கும் முன் விவசாயிகள் ஒரு நோட்டில் கடந்த ஓர் ஆண்டில் எத்தனை நாள், எத்தனை கிலோ, எத்தனை கிலோ மீட்டர் சுமை அனுப்பினோம் என்று எழுதிப் பார்க்க வேண்டும். மாதத்துக்கு மூன்று நான்கு நடைதான் என்றால், தவணை, இன்சூரன்ஸ், டயர், ஓட்டுநர் கூலி ஆகியவற்றைக் கூட்டி வாடகையோடு ஒப்பிட வேண்டும். பெரும்பாலும் வாடகையே மலிவாக இருக்கும். அண்டை வயல்காரர் இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடை பேசினால் இன்னும் குறையும்.

வாங்குவதென்று முடிவு செய்தால், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள வெற்று எடையையும் மொத்த எடையையும் பார்த்துக் கழித்துக்கொள்ளவும். விற்பனையாளர் வாயால் சொல்லும் சுமையை நம்ப வேண்டாம். பழைய வண்டியானால் சேசிஸில் வெல்டு வைத்த இடம் உண்டா என்று கீழே படுத்துப் பார்க்க வேண்டும். அதிகச் சுமை ஏற்றிய வண்டிக்கு அதுவே அடையாளம். பாடியின் தரை உயரத்தையும் டேப் வைத்து அளக்கவும். மூட்டை ஏற்றும் ஆளின் இடுப்புக்கு மேல் போனால் ஒவ்வொரு நடைக்கும் இன்னோர் ஆள் கூலி சேரும். பிறகு வயலுக்குப் போகும் பாதையின் குறுகிய இடத்தையும், வண்டி திரும்ப வேண்டிய முனையையும் அதே டேப்பால் அளந்துகொண்டு முன்பணம் கொடுக்கப் போகலாம்.